பழவேற்காட்டுக் கரையும் கலந்த பண்களும்

இசைகளின் கலப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை மேடைகளே. ஜான் மெக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேய ஜாஸ் கிதார்க் கலைஞர், எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயகராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபேலாவோடும் ‘சக்தி’ என்ற பெயரில் 1975-இல் அமர்ந்த மேடையைச் சொல்வோம். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பைச் சொல்வோம். தியாகராசருக்கும், பரோக் காலத்துப் பெருங்கலைஞராகிய செபாஸ்டியன் பாக்குக்கும் ஒருசேரக் காணிக்கையாக்கப்பட்டது அது. இவை பெருமைக்குரியனவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றையே தொடக்கமாகக் கொள்ளும்போது, கலப்பு என்பது புகழ் பெற்ற இருவர் கைகுலுக்கிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் போலத் தோற்றம் கொள்கிறது. சென்னைக்கு வடக்கே, ஒருநாட் பயணத்திற்குள் அடங்கும் கடற்கரை ஒன்று இதனை மறுக்கிறது. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் எனப் பணித்தபோது, அக்கரையைப் பற்றியே எழுதுவதென உறுதி கொண்டேன்.

பழவேற்காட்டு ஏரியின் தென்முனையில், கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து ஊர் அமைந்திருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் மீனவர் குப்பங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. ஏரியின் எப்பகுதியில், எந்நாளில், எவர் வலை இடுவது என்பதைத் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டிற்கு இங்கே ‘பாடு’ என்று பெயர். கவிஞர் நிறைந்த நம் வட்டத்தில் அச்சொல்லின் மற்றப் பொருள்களை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊருக்குள் அரபு வணிகர் வழிவந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இசுலாமியர் தெருக்கள் உள்ளன. போர்ச்சுகீசியர் காலத்தில் வேரூன்றிய மாதா கோயில் உள்ளது. உலாந்தாக்காரரின் கல்லறைத் தோட்டம் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு நிற்கிறது. அவர்தம் கோட்டையோ, அகழியும் புதரும் மேடுமாக அடையாளம் மாறிவிட்டது.

முதலில் போர்ச்சுகீசியரை எடுத்துக்கொள்வோம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையில் இறங்கியவர் கொணர்ந்தது சிலுவையையும் பீரங்கியையும் மட்டுமன்று. நரம்புக் கருவிகளையும் அவர் கொணர்ந்தனர். அக்கருவிகளின் குலமரபைத் தேடினால் அராபியரிடம் போய் நிற்போம். இலிசுபன் நகரம் 1147 வரை முசுலிம்கள் ஆட்சியில் இருந்தது. ஐபீரியத் தீபகற்பத்தில் அவர்கள் ஆண்ட நிலப்பரப்பு முழுவதற்கும் அல்-அந்தலூசு என்று பெயர். இன்றைய ஆந்தலூசியா அப்பெயரின் எச்சம். பாக்தாதிலிருந்து புறப்பட்டு 822-இல் கொர்தோபா நகர் சேர்ந்த சிர்யாபு என்னும் பெருங்கலைஞர் அங்கே இசைப்பள்ளி கண்டார். அராபியரின் ‘ஊத்’ ஐரோப்பியரின் ‘லூட்’ ஆயிற்று. வில்லால் இழைக்கும் ‘ரபாப்’ அங்கே ‘ரெபெக்’ ஆயிற்று. ரெபெக்கின் வழியினுள் ஒன்று, 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்ற வயலினிற் சென்று கலந்தது. நம் இராவணாசுத்திரமே வயலினுக்கு மூலம் என வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. யார் முதலில் செய்தார் என்பதைவிட, யார் கையில் எப்படி மாறியது என்பதே வரலாற்றுக்குச் சுவை தருவது.

ஆக, அராபிய இசையின் சாயல் பழவேற்காட்டுக்கு இருமுறை வந்தது. நேர் கடல்வழியே வணிகரின் ஓதலாகவும் துதியாகவும் வந்தது ஒன்று. ஆந்தலூசியாவைச் சுற்றி, கிறித்தவரின் கிதாராக வந்தது மற்றொன்று. இரண்டும் ஒரே ஊரின் இரு தெருக்களில் ஒலித்திருக்கும். ஒன்றையொன்று உறவென்று அறிந்துகொண்டிருக்குமா என்பது வேறு.

உலாந்தாக்காரர் 1613-இல் இங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்தம் வாணிபத்திற்கு இதுவே தலைநகர். வெடிமருந்து செய்தனர், துணி ஏற்றினர். துணி என்றால் நாம் பெருமையோடு நிமிர்கிறோம். பழவேற்காட்டுக் கட்டத்துணிக்கு உலகெங்கும் பெயர் இருந்தது மெய்யே. ஆனால் சோழமண்டலத் தறிகளில் நெய்யப்பட்டு, ‘கினித்துணி’ என்றே பெயர் பெற்ற பருத்தித் துணி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அவ்விலைக்குப் பெறப்பட்டோர் அட்லாண்டிக் கடலைக் கடத்தப்பட்டு அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாயினர். நியூ ஆர்லியன்சு நகரில் ஞாயிறுதோறும் காங்கோ சதுக்கத்தில் கூடித் தம் தாளங்களை மறவாது காத்தவர்கள் அத்தகையோரே. அவர்கள் பெயரர் காலத்தில் அந்நகரில் பிறந்தது ஜாஸ். 1975-ஆம் ஆண்டு மேடையில் ஜாஸும் கடமும் முதன்முறை சந்தித்தன என்று எழுதுவோர், இத்தறிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

விற்கப்பட்டோர் ஆப்பிரிக்கர் மட்டும் அல்லர். 1620-களில் பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் உலாந்தாக் கப்பல்கள் நம்மவரை அடிமைகளாக ஏற்றிப் பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றன. இன்றைய சகார்த்தாவே அக்காலப் பத்தாவியா. மழை பொய்த்த ஆண்டுகளிலும் போர் நடந்த ஆண்டுகளிலும் இவ்வாணிபம் பெருகிற்று. தஞ்சைப் பகுதி பாழ்பட்ட 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகள் இவற்றுள் கொடியவை. பசித்தவர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். கப்பற் கணக்கில் அவர்கள் தலை எண்ணிக்கை இருக்கும்; அவர்கள் பாடியது என்ன என்பது இராது.

பத்தாவியாவில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ‘மார்டைக்கர்’ என்று பெயர். ‘மகர்த்திக’ என்னும் வடசொல் மலாய் மொழியிற் புகுந்து திரிந்தது அது. மலேசியத் தமிழர் ஆகஸ்டு 31-ஆம் நாளில் முழங்கும் ‘மெர்டேக்கா’வும் அதே சொல்தான். வங்காளம், சோழமண்டலம், மலையாளக் கரை எனப் பல இடத்தவர் வழிவந்தோர் அதனுள் அடங்குவர். உலாந்தாக்காரர் ஆட்சியில் வாழ்ந்தும் அவர்கள் பேசியது போர்ச்சுகீசியக் கலப்பு மொழி. 1661-இல் அவர்களுள் சில குடும்பங்கள் நகருக்கு வடகிழக்கே சதுப்பு நிலத்தில் தூகு என்னும் இடத்தில் குடியமர்த்தப்பட்டன. மீன்பிடித்தும் நெல் விளைத்தும் வாழ்ந்த அவர்கள், மரத்தைக் குடைந்து சிறு கிதார்களைத் தாமே செய்துகொண்டனர். நரம்பை விரல் வருடும்போது எழும் ‘குரோங்’ என்னும் ஓசையால் அவ்விசைக்குக் ‘கெரோஞ்சோங்’ எனப் பெயர் வந்தது என்பர். அவர்களின் பழைய மெட்டுகளுள் ஒன்றன் பெயர் ‘மொரெஸ்கோ’; மூர் இனத்தவருடையது என்று பொருள். கொர்தோபாவின் நிழல், பெயரளவிலேனும், சாவகத் தீவின் சதுப்பு வரை நீண்டிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது தூகுவின் எல்லையைத் தாண்டி நகரத் தெருக்களுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் சென்றது. வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்தன. செல்லோ என்னும் பெருவயலினை வில்லைத் துறந்து விரலால் தட்டியும் மீட்டியும், சாவக மத்தளத்தின் வேலையை அதனிடம் வாங்கினர். இசைத்தட்டும் வானொலியும் வந்தபின் ஜாஸின் சாயலும் படிந்தது. தெருப்பொறுக்கிகளின் பாட்டு என்று மேட்டுக்குடியினர் ஒதுக்கிய அவ்விசையை இன்று இந்தோனேசியர் தம் நாட்டு இசையெனப் போற்றுகின்றனர். கெசாங் 1940-இல் புனைந்த ‘பெங்காவான் சோலோ’ ஆசியா முழுவதும் அறிந்த பாட்டாயிற்று. தூகுவில் போர்ச்சுகீசியக் கலப்பு மொழியைப் பேசுவோர் 1970-களோடு அற்றுப்போயினர். மொழி மாண்டபின்னும் மெட்டு வாழ்கிறது. சொல்லையே உயிராகக் கருதும் நம்மைப் போன்றோருக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.

இதன் உறவினர் நமக்கு இன்னும் அண்மையில், தமிழ் வழங்கும் நிலத்திலேயே உளர். மட்டக்களப்பின் பறங்கியர், போர்ச்சுகீசியக் கலப்பு மொழியையும் தமிழையும் பேசுவோர். அவர்தம் திருமண வீடுகளில் வயலினும் கிதாரும் றபானும் கூடி ‘கஃப்ரிஞ்ஞா’ இசைக்கப்படும். ஆப்பிரிக்கரைக் குறிக்கும் சொல்லோடு போர்ச்சுகீசிய விகுதி சேர்ந்த பெயர் அது. அதே பெயர் ‘கஃப்ரின்யோ’ எனத் தூகுவிலும் வழங்குகிறது. இலங்கையின் பைலா இதன் பிள்ளை. கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பறங்கியரின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1990-இல் நூலாக்கினார். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை, அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார்ப் பகுதியை வாரிச் சென்றது. நானூறு ஆண்டுகள் வாயிலும் விரலிலும் மட்டும் காத்துவந்த ஒன்று, ஒரு காலைப்பொழுதில் எத்தனை பேரை இழந்தது என்று எண்ணும்போது, ஜாக்சன் முன்னரே சென்றது நற்பேறு என்றே தோன்றுகிறது.

இனி, இதே கரையில் தெற்கு நோக்கி வருவோம். பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் இடையே, சென்னைக்கு அண்மையில் இருப்பது மணலி. இன்று அப்பெயர் கேட்டால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையே நினைவில் எழும். 18-ஆம் நூற்றாண்டில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷிக் குடும்பம் ஒன்றின் ஊர். மணலி முத்துக்கிருட்டிண முதலியார், அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்தை ஆதரித்த வள்ளல். அவர் அழைப்பின்பேரில் திருவாரூரிலிருந்து இராமசாமி தீட்சிதர் தம் மக்கள் முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி ஆகியோருடன் மணலிக்குக் குடிபெயர்ந்தார். வள்ளலின் மகன் சின்னையா முதலியார் என்னும் வேங்கடகிருட்டிண முதலியார் அவ்விளைஞரைப் புனித சார்சு கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பியரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். பாலுசாமிக்கு (1786–1858) வயலின் கற்பிக்க ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தினார். மூன்றாண்டுகள் அப்பயிற்சி நடந்தது.

இச்செய்தியை இசைநூல்கள் ஓரிரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். நானோ அம்மூன்றாண்டுகளில் சற்றே நிற்க விரும்புகிறேன். நின்றபடி தாடையில் இடுக்கி வாசிக்கும் கருவியைப் பாலுசாமியின் மரபு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தலைப்பகுதியை வலக்காலிலும் அடிப்பகுதியை மார்பிலும் பொருத்தி வாசிக்கிறது. நான்கு நரம்புகளையும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஏறிச்செல்லுமாறு கூட்டும் மேலை முறையை விடுத்து, சட்சமும் பஞ்சமமும் மாறி மாறி நிற்குமாறு சுருதி கூட்டுகிறது. இவ்விரு மாற்றங்களாலும் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையினின்று விடுபட்டு, நரம்பின்மேல் வழுக்கி ஓடக்கூடியதாயிற்று. வீணையில் மெட்டுகள் உண்டு, வயலினில் இல்லை. எனவே கமகத்தின் ஒவ்வோர் அசைவும் மிடற்றை ஒத்து எழுந்தது. பாடகருக்குப் பக்கத்தில் அமரத் தகுதி பெற்றது அதனாலேயே. பிறர் கருவியைக் கடன் வாங்கியோர் உலகில் பலர். ஆனால் கருவியை வைத்தே தம் இசையை மாற்றிக்கொள்ளாமல், தம் இசைக்காகக் கருவியின் இருக்கையையே மாற்றியவர் சிலரே.

தமையனார் முத்துசாமி தீட்சிதர் செய்தது வேறு வகை. பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேலை மெட்டுகளை அவ்வாறே வைத்துக்கொண்டு, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். ‘நோட்டுசுரம்’ எனப்படும் இவை ஏறத்தாழ 40. மேலையோரின் ‘மேசர்’ சுரவரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்துப்போவதால் யாவும் அதனுள் அடங்கின. கமகம் அறவே இல்லை. தீட்சிதரின் கீர்த்தனங்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். யானை நடையென வீணைக் கமகத்தைச் சுமந்து மெல்ல நகரும் அவர் பாட்டு எங்கே, துள்ளல் நடையில் ஓடும் இவை எங்கே! பிள்ளைகளின் பாடமெனப் பலர் இவற்றை ஒதுக்குவதுண்டு. யாப்பறிந்தோர் ஒதுக்கலாகாது. மெட்டின் நீட்டமும் குறுக்கமும் முன்னரே உறுதிப்பட்டுவிட்ட நிலையில், குறிலும் நெடிலும் பிறழாமல் சொல் வைப்பது எளிதன்று. தெரியாத மொழியின் மூச்சுக்குள் தெரிந்த மொழியை அடக்கும் வேலை அது.

‘சந்ததம் பாஹி மாம்’ என்னும் நோட்டுசுரத்தைப் பாருங்கள். 1745-இல் இலண்டன் நாடக அரங்குகளில் முழங்கிய ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டு அது. முச்சீர் நடனத்தின் நடை அதில் உண்டு. அதே மெட்டில் தீட்சிதர் பாடியது சங்கீத சியாமளையை. அரசரைக் காக்குமாறு இறைவனை வேண்டும் இசை, தன்னைக் காக்குமாறு இசைத்தேவியை வேண்டும் பாட்டாயிற்று. இதில் எதிர்ப்பு உண்டு என்று சிலர் இந்நாளில் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காதில் விழுந்த நல்ல மெட்டைத் தெய்வத்துக்கு உரியதாக்கும் பழைய வழக்கமே அது என்பது என் எண்ணம். அதே காலத்தில் தஞ்சையில் வேதநாயக சாத்திரியார் இதனை நேர் எதிராய்ச் செய்துகொண்டிருந்தார். நம் குறவஞ்சி வடிவத்தில் பெத்லகேமைப் பாடினார். தீட்சிதரிடம் மெட்டுப் புதிது, பொருள் பழையது. சாத்திரியாரிடம் வடிவம் பழையது, பொருள் புதிது. இருவருக்கும் இடையே ஒரு சந்திப்பு நேர்ந்திருந்தால் என்று ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை.

இவை நமக்குக் கிட்டியதும் ஒருவரது உழைப்பால். சென்னை அரசுச் செயலகத்தில் பணிபுரிந்த கிறித்தவரான அ. மு. சின்னசாமி முதலியார், நம் இசையை ஐரோப்பியச் சுரக்குறியில் எழுதி வெளியிட்ட நூல் 1893-ஐச் சேர்ந்தது. தியாகராசரின் கீர்த்தனங்களையும் நோட்டுசுரங்களையும் அவர் அச்சேற்றினார். பாலுசாமி 1824-இல் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக அமர்ந்தார். அவர் மகள் வயிற்றுப் பேரரும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலேயே குடும்பச் செல்வத்தை வெளியிட இசைந்தார். எட்டயபுரத்தில் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. இந்துக் குடும்பத்தின் பொக்கிடத்தை அச்சில் ஏற்றக் கிறித்தவர் ஒருவர் கண்ணொளி மங்க உழைத்தார் என்பதும் இக்கலப்பின் வரலாற்றைச் சேர்ந்ததே.

ஆனால் ஒன்று. வள்ளலின் பெயர் நமக்குத் தெரியும். மாணவர் பெயர் தெரியும். அச்சிட்டவர் பெயர் தெரியும். மூன்றாண்டுகள் வயலின் கற்பித்த ஆசிரியர் நூல்களில் ‘ஐரோப்பியர் ஒருவர்’ மட்டுமே. கோட்டையில் குழலூதியவரும் அத்தகையோரே. பழவேற்காட்டுக் கப்பலிற் சென்றோர்க்கு அந்த ‘ஒருவர்’ என்னும் சொல்லும் கிட்டவில்லை.

பாலுசாமி தொடங்கிவைத்த கருவி, 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஜாஸைச் சந்தித்தபோது, அங்கும் ஓர் இடப்பெயர்வு பின்னணியில் நின்றது. யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்துவந்த வி. இலட்சுமிநாராயணா, 1958-ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தார். அவர் மக்களே எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும். சங்கர் ‘சக்தி’யில் வாசித்தார். சுப்பிரமணியம், பிரெஞ்சு ஜாஸ் வயலின் மூத்தோராகிய ஸ்தெபான் கிராப்பெல்லியுடன் இணைந்த இசைத்தட்டு 1984-இல் வெளிவந்தது. மெக்லாஃப்லினோ 1980-இல் ஆந்தலூசியாவின் பாக்கோ தெ லூசியாவோடு அமர்ந்து பிளமென்கோ கிதாரோடு உரையாடிக்கொண்டிருந்தார். ஒரே மனிதர் ஐந்தாண்டுக்குள் கடத்துக்கும் கொர்தோபாவின் வாரிசுக்கும் இடையே நடந்துவிட்டார். விமானத்தில் இது எளிது.

பழவேற்காட்டில் இன்று இவ்வரலாறு எதுவும் ஒலியாக இல்லை. மீனவர் வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டு, இயந்திரப் படகு வந்தபின் வேலையிழந்துவிட்டது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப்பாடும் அப்பாட்டின் கட்டமைப்பு, ஆப்பிரிக்க அடிமைகளின் தொழிற்பாட்டுக்கும் உரியது. ஜாஸின் எடுப்பும் ஏற்பும் அதினின்றே பிறந்தன. இது கடன் அன்று. பலர் சேர்ந்து ஒரு சுமையை இழுக்கும் இடமெல்லாம் இவ்வடிவம் தானே தோன்றும். துபாஷியும் கப்பல் தலைவரும் ஏற்பாடு செய்யாத உறவு இது ஒன்றே.

அப்பாட்டுகளை நாவில் வைத்திருக்கும் முதியோர் குப்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். நம் வட்டத்து உறுப்பினர் நால்வர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடும் குறிப்பேட்டோடும் சென்று, பாட்டோடு பாடியவர் பெயரையும் எழுதி வரலாம். பெயரை முதலில் எழுத வேண்டுகிறேன். பொன்னேரியிலிருந்து பேருந்து உண்டு; வலை கரையேறும் விடிகாலைக்குள் போய்ச் சேர வேண்டுமானால் முதல்நாளே சென்று தங்குவது நலம்.